பால்கனியில் சைக்கிள் கழுவ எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?

திருவான்மியூரில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நீங்கள், வீட்டிலுள்ள மூன்று சைக்கிள்களையும் பால்கனியிலேயே கழுவுவதற்கு மடித்து வைக்கக்கூடிய ஸ்டாண்டு ஒன்று வேண்டும், 5,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகுவலியால் குத்துக்காலிட்டு உட்கார முடிவதில்லை என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருக்கிறது. கார்பன் பிரேமும் டிஸ்க் பிரேக்கும் கொண்ட உங்கள் ரோடு சைக்கிள், மகளின் அலுமினியக் கியர் சைக்கிள், அப்பாவின் கம்பி பிரேக் வைத்த பழைய கறுப்புச் சைக்கிள் ஆகிய மூன்றும் எடையிலும் செய்யப்பட்ட பொருளிலும் பிடிக்க வேண்டிய இடத்திலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. அவற்றைக் குனியாமல், சேதப்படுத்தாமல், சோப்பு நீரில் நழுவவிடாமல் ஒரே ஸ்டாண்டு தாங்குமா என்பதே நீங்கள் அறிய விரும்புவது. மூன்றையும் தாங்காது, இரண்டைத் தாங்கும், மூன்றாவதற்கு அது தேவையும் இல்லை என்பதே என் பதில். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் கடையில் நீங்களே பார்த்து முடிவெடுக்க முடியும்.

மதுரையில் என் மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறைகளில் அங்கே தொழில் பழகி, பிறகு சென்னையில் சொந்தமாகப் பட்டறை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மாமாவின் கடையில் ஸ்டாண்டு என்று எதுவும் இல்லை. ஓவராயிலுக்கு வரும் சைக்கிளை ஒன்று தலைகீழாகக் கவிழ்ப்போம், அல்லது கூரை விட்டத்திலிருந்து இரண்டு கயிறுகளில் சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாட்டித் தொங்கவிடுவோம். நாற்பது வயதுக்குள் முதுகு வளைந்துபோன மெக்கானிக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்தில் சைக்கிள் கடை நடத்திய இருவர், குனிந்தும் மண்டியிட்டும் வேலை செய்து சலித்துப்போய்த் தங்களுக்கென்று 1963இல் ஒரு ஸ்டாண்டைச் செய்துகொண்டார்கள். இன்று உலகெங்கும் சைக்கிள் கருவிகள் விற்கும் பார்க் டூல் நிறுவனம் அதிலிருந்துதான் தொடங்கியது. முதுகைக் காப்பதற்காகப் பிறந்த கருவி இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், எந்த ஸ்டாண்டைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது விளங்கிவிடும்.

பழுது பார்ப்பதற்குத் தேவையானதும் கழுவுவதற்குத் தேவையானதும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழுது பார்க்கும்போது கியரை மாற்றிப் பார்க்க வேண்டும், சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்க்க வேண்டும், இறுகிப்போன நட்டை முழு பலத்தோடு திருக வேண்டும். கழுவும்போது சைக்கிள் சாயாமல் நின்றால் போதும், சக்கரங்கள் சுற்றினால் நல்லது. செயினைச் சுத்தம் செய்வதற்குப் பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பியே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் ஃப்ரீவீல் உள்ள எந்தச் சைக்கிளிலும் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் சக்கரம் அசையாமலே செயின் முழுவதும் பிரஷ்ஷுக்கு அடியில் ஓடிவந்துவிடும். பின்சக்கரத்தின் பல் அடுக்குகளுக்கு இடையே உள்ள அழுக்கை எடுக்கவும், ரிம்மையும் டயரையும் சுற்றிக் கழுவவும் மட்டுமே சக்கரம் காற்றில் இருக்க வேண்டும். ஆகவே கழுவுவதற்கு மட்டும் என்றால் பட்டறையில் உள்ளது போன்ற கனத்த ஸ்டாண்டு தேவையில்லை. அதே சமயம், பழுது பார்க்கும் ஸ்டாண்டுக்கு இல்லாத ஒரு சோதனை கழுவும் ஸ்டாண்டுக்கு உண்டு. அதன் ஒவ்வொரு பிடியும் ஈரத்திலும் சோப்பிலும் பிடியாகவே இருக்க வேண்டும்.

சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் பின்சக்கர ஸ்டாண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவை உங்களுக்கு உதவாது. பின்சக்கர அச்சின் இரு முனைகளையும் பிடித்துச் சற்றே தூக்கி நிறுத்தும் வகை ஒன்று. பின்சக்கரத்துக்குச் செல்லும் பிரேம் கம்பிகளில் இடப்பக்கம் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும் வகை மற்றொன்று. முதல் வகை, நெம்புகோலைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றும் குயிக் ரிலீஸ் உள்ள சைக்கிளில் அதன் முனைகளைப் பிடித்து நிற்கும். டிஸ்க் பிரேக் ரோடு சைக்கிள்களில் இப்போது பரவலாக இருக்கும் த்ரூ ஆக்ஸில் என்னும் தடித்த அச்சு பிரேமுக்குள்ளேயே திருகி அடங்கிவிடுவதால் பிடிப்பதற்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. இரண்டாவது வகையின் கொக்கி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் டிஸ்க் பிரேக்கின் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் அதன் குழாயும் இருக்கின்றன. கார்பன் பிரேமாக இருந்தால், கொக்கியின் ரப்பருக்கும் பிரேமுக்கும் நடுவே சிக்கும் மணல் வண்ணப் பூச்சைத் தேய்த்துவிடும். இவற்றையெல்லாம் சமாளித்தாலும் சைக்கிள் தரைமட்டத்திலேயே இருக்கும், நீங்கள் குத்துக்காலிட்டே ஆக வேண்டும்.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் முனைகளை ஒரு முட்டில் பூட்டி, பெடல் அச்சு இருக்கும் பிராக்கெட்டை ரப்பர் தொட்டிலில் அமர்த்தும் ஸ்டாண்டுகள் உண்டு. பந்தயக் குழுக்களின் மெக்கானிக்குகள் பெரும்பாலும் இவ்வகையையே பயன்படுத்துகிறார்கள். பிரேமின் எந்தக் குழாயையும் நெரிக்காமல் எடையைத் தாங்குவதால் கார்பனுக்கு இதைவிடப் பாதுகாப்பான பிடி கிடையாது. ஈரத்தில் நழுவுவதற்கும் வழியில்லை. உங்கள் ரோடு சைக்கிள் ஒன்றுக்கு மட்டும் என்றால் யோசிக்காமல் இதையே சொல்லியிருப்பேன். உங்கள் ஃபோர்க்கு 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸில் கொண்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கான இணைப்புத் துண்டு ஸ்டாண்டோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும், பழைய குயிக் ரிலீஸுக்கு மட்டும் செய்யப்பட்ட ஸ்டாண்டில் அது உட்காராது. மகளின் சைக்கிளுக்கு வேறு அளவு தேவைப்படலாம். அப்பாவின் சைக்கிளிலோ முன்சக்கரத்தைக் கழற்ற ஸ்பேனர் எடுத்து நட்டுகளைத் திருகி, மட்கார்டு கம்பிகளை விலக்கி, பிரேக் கம்பிகளையும் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு வாரமும் யார் அதைச் செய்வார்கள்? தவிர, கியர் கேபிள் பிராக்கெட்டின் அடிவழியாக ஓடும் பிரேம்களில் தொட்டில் அந்தக் கேபிளை அழுத்தும். நல்ல தரமான ஃபோர்க்கு ஸ்டாண்டுகள் உங்கள் 5,000 ரூபாய்க்குள் அகப்படுவதும் கடினம்.

எஞ்சியிருப்பது, மூன்று கால்களில் நிற்கும் கம்பத்தின் உச்சியில் கவ்வி ஒன்றைக் கொண்ட மடக்கு ஸ்டாண்டு. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் சந்தையில் அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான் என்பதால், இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கவ்வியால் எங்கே பிடிப்பது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லரில் பிடிக்க வேண்டும். நாம் பிள்ளைகளை உட்காரவைத்துப் போகும் அந்த மேல் பார் பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், இன்றைய அலுமினியப் பிரேம்களில் அதன் நடுப்பகுதி மிக மெல்லிய சுவர் கொண்டது. முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லிதாகவும் இழுத்துச் செய்யப்பட்ட குழாய்களில் நடுச்சுவர் பலவற்றில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கார்பன் குழாய் நீளவாக்கில் வரும் இழுவிசையைத் தாங்குவதற்காக அடுக்கப்பட்டது. பக்கவாட்டில் நெரித்தால் மேலே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரியக்கூடும். சீட் பில்லரோ ஓர் ஆளின் எடையைத் தாங்கவும், பிரேமின் இறுக்கும் வளையமான காலருக்குள் இறுகப் பிடிக்கப்படவும் என்றே செய்யப்பட்டது. சேதமானாலும் பிரேமின் விலையில் சிறு பங்கில் மாற்றிவிடலாம்.

சைக்கிளின் எடைமையம் சீட் பில்லருக்கு நேர் கீழே இல்லை, ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்கும் சற்று அதிகமாக முன்னால் இருக்கிறது. 10 கிலோ சைக்கிளைப் பில்லரில் பிடித்துத் தூக்கினால் முன்பக்கம் கீழே சாயத் துடிக்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் இரண்டரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டு, மறுமுனையை மணிக்கட்டால் நேராகப் பிடித்திருப்பதற்குச் சமமான திருப்புவிசை அது. இந்தச் சுமையைத் தாங்குவது பில்லரைக் கவ்வும் தாடைகளின் அழுத்தம் அன்று, கவ்வியின் தலை சுழலாமல் பூட்டப்பட்டிருக்கும் இடம். கடையில் எல்லோரும் தாடையை இறுக்கிப் பார்க்கிறார்கள், தலைப்பூட்டை யாரும் பார்ப்பதில்லை. மலிவான ஸ்டாண்டுகளில் இந்தப் பூட்டு இரண்டு வழவழப்பான உலோகத் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பது மட்டுமே. காய்ந்திருக்கும்போது பிடிக்கும், சோப்பு நீர் உள்ளே இறங்கினால் நழுவும். தட்டுகளில் பல் வெட்டப்பட்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும் வகையாக இருந்தால் ஈரத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் என் பட்டறையில், பெயருக்கு ஒரு மடக்கு ஸ்டாண்டில் வாடிக்கையாளரின் புதுச் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தலைப்பூட்டு மெல்ல நழுவி முன்சக்கரம் கீழே சாய, ஹேண்டில்பார் திரும்பி மேல் பாரில் மோதி வண்ணம் பெயர்ந்தது. தாடை அப்போதும் பில்லரை உறுதியாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. வண்ணம் பூசக் கொடுத்த பணத்தைவிட, அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்த அந்த ஐந்து நிமிடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு சைக்கிளை ஏற்றியதும் ஹேண்டில்பாரை நேராகக் கட்டிவைக்காமல் நான் தண்ணீரைத் திறப்பதில்லை. பழைய ட்யூபிலிருந்து வெட்டிய ஒரு பட்டையால் முன்சக்கரத்தையும் பிரேமின் கீழ்க்குழாயையும் சேர்த்துச் சுற்றினால் போதும்.

சைக்கிள் கீழ்நோக்கி வழுக்கி விழுமோ என்ற அச்சத்தில் தாடையை அளவுக்கு மீறி இறுக்குகிறவர்களும் உண்டு. அதற்குத் தேவையில்லை. பில்லரின் உச்சியில் சீட்டைத் தாங்கும் தலை, பில்லரைவிட அகலமானது. கவ்வியை அதற்குச் சற்றுக் கீழே பிடித்தால், பிடி தளர்ந்தாலும் அந்தத் தலை தாடையின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சைக்கிளை ஆட்டிப் பார்த்தால் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதுமானது. இறுக்குவதற்கு முன் தாடையின் ரப்பரையும் பில்லரையும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் நடுவே இருந்தாலும் அது உளிபோல வேலை செய்யும்.

உங்கள் ரோடு சைக்கிளின் சீட் பில்லரும் கார்பன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மென்மையாகக் கவ்வினால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பலமுறை ஒன்றும் ஆகாமல் இருந்ததை நானும் கண்டிருக்கிறேன். ஆனாலும் எவ்வளவு இறுக்கினோம் என்பதை அளக்க அந்தத் திருகில் வழியில்லாததால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்கு மெக்கானிக்குகள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. அதே விட்டமுள்ள அலுமினியப் பில்லர் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கிக் கழுவுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பில்லரின் அடிப்பகுதியில் விட்டம் அச்சிடப்பட்டிருக்கும், 27.2 என்பது பரவலான அளவு. 27.2க்குப் பதிலாக 27.0 போட்டால் காலர் கார்பன் பிரேமை நெரிக்கும் என்பதால் தசமப் புள்ளி வரை ஒத்திருக்க வேண்டும். உயரம் மாறாமலிருக்க உங்கள் பில்லரில் டேப்பால் அடையாளம் ஒட்டிவிட்டு உருவுங்கள். கழுவும் பில்லரைக் குறைந்தபட்ச ஆழக் கோடு மறையும் வரை உள்ளே விட்டு, காலரில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பல காலர்களில் அது 5 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். உங்கள் பில்லர் வட்டமாக இல்லாமல் காற்றைக் கிழிப்பதற்காகத் தட்டையாகச் செய்யப்பட்டதாக இருந்தால் இந்த யோசனை பொருந்தாது. அப்போது ஃபோர்க்கு ஸ்டாண்டு ஒன்றுதான் வழி.

மகளின் சைக்கிளில் சிக்கல் குறைவு. பில்லர் அலுமினியம் அல்லது இரும்பாக இருக்கும், நேரடியாகக் கவ்வலாம். சீட்டை மிகத் தாழ்வாக வைத்திருந்தால் தாடை நுழைவதற்கு இடம் இருக்காது. அப்போது பில்லரைக் கோட்டைத் தாண்டாமல் உயர்த்திக்கொள்ள வேண்டும். அந்தச் சைக்கிள் 14 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகுவலி உள்ளவர் அதை நெஞ்சு உயரத்துக்குத் தூக்குவது கூடாது. ஸ்டாண்டை விளம்பரப்படுத்துகிறவர்கள் எவ்வளவு உயரம் வரை எழும்பும் என்று பெரிதாக எழுதுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எவ்வளவு தாழ இறங்கும் என்பதை. தரையில் நிற்கும் சைக்கிளில் சீட் பில்லர் ஏறத்தாழ 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கவ்வி ஒரு மீட்டருக்குச் சற்று மேல் வரை இறங்குமானால், சைக்கிளை ஒரு சாண் அளவுக்குத் தூக்கினாலே போதும், அதையும் ஒரு கை சீட்டுக்கு அடியிலும் மறுகை பாரிலுமாகப் பிடித்து, முழங்காலை மடக்கி எழுந்து செய்யலாம். அந்த உயரத்தில் செயினும் பெடலும் உங்கள் முழங்கால் அளவுக்கு வரும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டால் குனியாமலே கைக்கு எட்டும். நின்றுகொண்டு கழுவ வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, உட்கார்ந்து கழுவும் உயரத்துக்கு ஸ்டாண்டை வைப்பதே உங்கள் முதுகுக்கு நல்லது. சைக்கிள் தாழ்ந்திருப்பதால் ஸ்டாண்டு கவிழும் வாய்ப்பும் குறையும்.

அப்பாவின் சைக்கிளைத் தயவுசெய்து எந்த ஸ்டாண்டிலும் தூக்க வேண்டாம். கம்பி பிரேக் வைத்த அந்தக் கறுப்புச் சைக்கிள்கள் 20 கிலோவுக்குக் குறைவதில்லை. கேரியர், டைனமோ, செயின் கவர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். எடை கூடக் கூடத் தலைப்பூட்டின் மேல் விழும் திருப்புவிசையும் அதே விகிதத்தில் கூடும். அதைச் செய்தவர்கள் ஏற்கெனவே அதற்கொரு ஸ்டாண்டு வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் இறங்கும் அந்தப் பெரிய ஸ்டாண்டைப் போட்டால் பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பித் தானாகச் சுழலும். கழுவுவதற்கு அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றே சொல்வேன். பிரேம் உயரமானது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தே பெரும்பகுதியைத் துடைத்துவிடலாம். அந்த ஸ்டாண்டின் ஸ்பிரிங்கும் ஆணியும் தேய்ந்து ஆடினால், சைக்கிள் கடையில் சொல்லிப் புதிதாக மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் மூட்டுள்ள மடக்கு ஸ்டாண்டைவிட அது பல மடங்கு உறுதியானது.

அடுத்தது பால்கனி. மூன்று கால் ஸ்டாண்டு எந்தச் சரிவிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமரும். தண்ணீர் ஓடுவதற்காகக் கொடுத்த சரிவு ஒரே சீராக இல்லாத பால்கனித் தரையில் நான்கு கால்கள் உள்ளவை ஆடக்கூடும். ஆடாது என்பதால் கவிழாது என்று பொருள் அல்ல. எடைமையம் மூன்று கால்களுக்கு நடுவே இருக்கும் முக்கோணத்துக்குள் விழ வேண்டும். ஆகவே கால்களில் ஒன்று கவ்வி நீளும் திசையிலேயே, அதாவது சைக்கிள் தொங்கும் பக்கமாக இருக்கும்படி விரித்து நிறுத்துங்கள். இதை மாற்றி நிறுத்துவதே ஸ்டாண்டு கவிழ்வதற்கு முதல் காரணம். கால்களை விரித்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் பிடிக்கும். சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர். நான்கடி அகலப் பால்கனி என்றால் நீளவாக்கில் மட்டுமே வைக்க முடியும், மறுபக்கத்தைக் கழுவ நீங்கள் சுற்றிவர இடம் இருக்காது. வாங்குவதற்கு முன் தரையில் சுண்ணக்கட்டியால் இந்த அளவுகளை வரைந்து, நடுவே நாற்காலியையும் போட்டுப் பாருங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் சோப்பு நீர் பட்டால் ரப்பர் கால்களும் வழுக்கும். அதனால் துளைகள் உள்ள ரப்பர் மிதியடி ஒன்றைக் காலுக்கடியில் போட வேண்டும். கீழ்வீட்டாரின் துணிக்கொடியில் செயின் அழுக்கு சொட்டினால் அந்தச் சண்டை சைக்கிளைவிட நீண்ட நாள் ஓடும் என்பதால், செயினைச் சுத்தம் செய்யும்போது மட்டும் அடியில் ஒரு பழைய தட்டு வைப்பது நல்லது. பைப்பைத் திறந்துவிடத் தேவையில்லை. ஒரு வாளி சோப்பு நீரும் ஒரு வாளி நல்ல நீரும் ஒரு சைக்கிளுக்குத் தாராளம். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது நான் ஒரே வாளியில் முடித்துப் பழகினேன், சைக்கிள்கள் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

விலையைப் பொறுத்தவரை, கவ்வியுள்ள மடக்கு ஸ்டாண்டுகள் சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, வெளிநாட்டு நிறுவனங்களுடையவை 20,000 ரூபாயையும் தாண்டிச் செல்கின்றன. உங்கள் தொகையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும், வேறுபாடு மூட்டுகளில் இருக்கிறது. முடிந்தால் இணையத்தில் வாங்காமல் கடைக்கு நேரில் போய், மகளின் சைக்கிளை அதில் ஏற்றிப் பார்க்கக் கேளுங்கள். ஏற்றியதும் முன்சக்கரத்தைக் கையால் மெதுவாகக் கீழே அழுத்துங்கள். தலை நழுவினால் அதை வைத்துவிட்டு வந்துவிடலாம். கம்பத்தை உயர்த்தித் தாழ்த்தும் காலர், கால்களை விரித்துப் பிடிக்கும் காலர் ஆகிய இரண்டும் உலோகமாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக்காக இருந்தால் அதன் நெம்புகோலுக்கு அருகே வெடிப்புக் கோடுகள் உள்ளனவா என்று பாருங்கள். 25 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் அதை அசையாத எடைக்கான அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேய்க்கும்போதும் பெடலைச் சுற்றும்போதும் சுமை கூடும். 14 கிலோ சைக்கிளுக்கு அந்த அளவு போதுமானது.

கடற்காற்று அடிக்கும் திருவான்மியூரில் உப்பு எல்லாவற்றையும் தின்னும் என்பது உங்களுக்கே தெரியும். அலுமினியக் குழாய்கள் கொண்ட ஸ்டாண்டு விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். இரும்புக் குழாயில் பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கால்களின் அடி மூடிக்குள் தேங்கும் நீர் உள்ளிருந்து அரித்துக்கொண்டே வரும். கழுவி முடித்ததும் அடி மூடிகளைக் கழற்றி, ஸ்டாண்டைத் தலைகீழாகச் சாய்த்து வடியவிடுங்கள். கவ்வியின் திருகு மரையில் மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விடலாம், தாடை ரப்பரிலும் தலைப்பூட்டிலும் எண்ணெய் படவே கூடாது. செயினை மண்ணெண்ணெயில் கழுவும் வழக்கம் நம் கடைகளில் இன்றும் உண்டு. அது தாடையின் ரப்பரில் பட்டால் ரப்பர் ஊறி மென்மையாகிப் பிடியை இழக்கும், டிஸ்க் பிரேக்கின் தட்டில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. எனவே வீட்டில் அதைத் தவிர்த்து, பாத்திரம் துலக்கும் சோப்பையும் செயினுக்கென்று தனி பிரஷ்ஷையும் பயன்படுத்துங்கள். கடைசியாக, சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கிய பின் கழுவும் பில்லரை உருவிவிட்டு, பிரேமைச் சிறிது நேரம் தலைகீழாகச் சாய்த்து வைத்தால், சீட் குழாய்க்குள் இறங்கிய நீர் வெளியேறிவிடும். பிறகே உங்கள் கார்பன் பில்லரை அதற்குரிய பேஸ்ட்டைத் தடவிப் பொருத்துங்கள், கிரீஸ் வேண்டாம்.

இதுவரை சொன்னவற்றில் பிடிக்கும் இடம், தலைப்பூட்டு, கால்களை நிறுத்தும் முறை ஆகிய மூன்றையும் உறுதியாகச் சொல்வேன். உங்கள் முதுகு ஒரு சாண் உயரத்துக்கு 14 கிலோவைத் தூக்கத் தாங்குமா என்பது மெக்கானிக் சொல்லக்கூடிய விஷயம் அன்று. உங்களுக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் எடையையும் உயரத்தையும் சொல்லியே கேளுங்கள். அவர் கூடாது என்றால், ஏற்றி இறக்குவதற்கு மகளைக் கூப்பிடுங்கள், உட்கார்ந்து கழுவுவதை மட்டும் நீங்கள் செய்யலாம். உங்கள் ரோடு சைக்கிளைச் செய்த நிறுவனத்தின் கையேட்டில், ஸ்டாண்டில் எங்கே பிடிக்கலாம், எங்கே கூடாது என்று படத்தோடு குறிப்பிட்டிருப்பார்கள். அதில் நான் சொன்னதற்கு மாறாக ஏதாவது இருந்தால் கையேட்டையே பின்பற்றுங்கள். சீட் பில்லரின் விட்டம், அது வட்டமா தட்டையா என்பது, பால்கனியின் அகலம் ஆகியவற்றை அளந்து எழுதினால், நீங்கள் பார்த்துவைத்திருக்கும் ஸ்டாண்டுகளில் எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.